வாழ்த்து இல்லாத வியாழன்

நெதர்லாந்துக் கடற்கரையிலுள்ள ஹார்லிங்கன் ஊரின் வாயை ஒரு காலைப்பொழுது முழுக்க மூடி வைத்தவன் நான். மனிதர்கள் மட்டுமல்ல, துறைமுகத்துக் கடற்காகங்களும் கத்தவில்லை. ஒன்று மட்டும் அலகைத் திறந்தது. பக்கத்திலிருந்தது முறைத்தது. மூடிக்கொண்டது.

"அந்தக் காக்காய அடிச்சு விடு, ஃபோல்கெர்ட்" என்பார் டெர்ப்ஸ்ட்ரா அம்மையார். அவர் எங்கள் ஊரில் பத்திரங்களை வாசித்துக் கையெழுத்து வாங்கும் நோட்டரியாக இருந்தவர். நான் அவருடைய எழுத்தர். இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். ஆனாலும் நான் காபிக்குப் போகும்போதெல்லாம், டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்து, மூடியை அழுத்திவிட்டு, என் கதையில் அடித்தல் திருத்தல் போட உட்காருவார். "ஊரு வாய மூடுச்சாம்ல! இந்த ஊரு தூங்கும்போதே பேசும்."

நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்ஸ்கேயும் கெர்பனும் தலை நரைக்கும்வரை ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், கல்யாணம் செய்துகொள்ளாமல். வீட்ஸ்கேக்குக் கல்யாணத்தில் முன் அனுபவம் உண்டு. முதல் கல்யாணத்தில் ஊரே வரிசையில் நின்று "வாழ்த்துகள்" என்று கைகுலுக்கியதில் அவள் கை வீங்கிவிட்டது. வீக்கம் வடிவதற்குள் புருஷன் தீவுக்குப் போகும் படகில், அந்தப் படகின் சமையல்காரியோடு ஏறிவிட்டான்.

அதன்பிறகு வந்தவர்தான் கெர்பன். வீட்டை இருவரும் பாதிப்பாதியாக வாங்கினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது, கெர்பனின் இதயத்தை வெள்ளிக்கிழமை திறந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்வரை. எழுத்தில் ஒன்றும் இல்லாத நிலையில் கெர்பன் திரும்பி வராவிட்டால், வீட்டில் அவருடைய பாதி அவரது அண்ணன் மகனுக்குப் போகும். அந்தப் பையன் ஏற்கெனவே ஒரு தடவை வந்து, திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தான்.

"படுக்கையற எனக்கு, மாடிப்படி அவனுக்கா?" என்று என் மேஜை முன் உட்கார்ந்தாள் வீட்ஸ்கே. "நான் பறந்தா போவேன்?"

"சேர்ந்து வாழுற ஒப்பந்தம் ஒண்ணு போட்டுக்கலாம். ஒருத்தர் போயிட்டா வீடு மத்தவருக்கு. கல்யாணமெல்லாம் வேணாம்" என்றேன்.

"நல்லாக் கேட்டுக்கோ. கல்யாண வாசன கொஞ்சம் அடிச்சாலும் எந்திரிச்சுப் போயிடுவேன். கையெழுத்துக்கு முன்னாடி எவனாச்சும் 'வாழ்த்துகள்'னு வாயத் தெறந்தான், பேனாவத் தொடமாட்டேன்."

"ஒரு வார்த்தைக்காக வீட்ட விடுவியா?" என்றார் கெர்பன்.

"விடுவேன்."

"விடுவா" என்றார் அவர் என்னிடம், மழை வரும் என்பதுபோல.

நோட்டரிக்கு நேரம் இருந்தது வியாழன் காலை மட்டும். அதையே கொடுத்தேன்.

வியாழன் விடிந்ததும் கழிவறையில் உட்கார்ந்தேன். எதிரே கதவில் பிறந்தநாள் காலண்டர். அன்றைய தேதிக்கு நேராக, என் மனைவியின் கையெழுத்தில்: கெர்பன்.

எழுந்துவிட்டேன், வந்த வேலை முடியாமலேயே. இந்தக் காலண்டர் ஊரிலுள்ள எல்லாக் கழிவறைகளிலும் தொங்குகிறது. இந்நேரம் ஊரே உட்கார்ந்து அவர் பெயரைப் படித்துக்கொண்டிருக்கும். எங்களிடம் பிறந்தநாள்காரனுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி நிறுத்தும் பழக்கமும் கிடையாது. பெண்டாட்டிக்கு, மாமியாருக்கு, எதிர்வீட்டுக்காரனுக்கு, அவனைப் பார்க்க வந்தவனுக்கு, எல்லோருக்கும் கைகொடுத்துச் சொல்லியாக வேண்டும்.

சைக்கிளை எடுத்தேன். காற்று என்னைப் பார்த்து ஒதுங்கியது. முதலில் மீன்கடை டௌவே.

"கெர்பனுக்கு வாழ்த்துச் சொல்லாத. சொன்னா வீட்ஸ்கே வீட்ட எழந்துடுவா."

"சொல்லாம எப்படிய்யா? பொறந்தநாளாச்சே!"

"செத்துட்டான்னு நெனச்சுக்கோ."

"அப்போ அனுதாபம் சொல்லணுமே!"

"ஒண்ணும் சொல்லாத. வாயில எதையாச்சும் போட்டு அடைச்சுக்கோ."

அப்படியே கடை கடையாக, கதவு கதவாகப் போனேன். கோபுரத்து மணிகளில் பாட்டு வாசிப்பவன் பிறந்தநாள் பாட்டுக்குத் தயாராக இருந்தான். கெஞ்சியதில் சாவுக்கு வாசிப்பதை வாசித்தான். கைவசம் வேறு பாட்டு இல்லையாம்.

பிறகு அவர்கள் இருவரும் கரையோரம் நடந்து வந்தார்கள். ஜன்னலை மூடினால் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் ஊர் இது. அன்று ஒவ்வொரு திரையாக இழுத்து மூடிக்கொண்டது. ரொட்டிக்கடைக்காரி மாவுப் பீப்பாய்க்குள் தலையை விட்டாள். டௌவே ஒரு முழு ஹெர்ரிங் மீனை வாயில் திணித்து, வால் வெளியே தொங்க, கண்ணில் நீர் வழிய நின்றான். குழந்தைகளின் வாயைத் தாய்மார்களும், தாய்மார்களின் வாயைக் குழந்தைகளும் பொத்தினார்கள்.

ஒருவரை மட்டும் எச்சரிக்க முடியவில்லை. டெர்ப்ஸ்ட்ரா அம்மையார் தன் அறையில் வேறொருவரின் பத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவரோ எந்தப் பத்திரம் முடிந்தாலும் எழுந்து வாழ்த்துபவர், விவாகரத்தானவர்களையும் வாழ்த்தியிருக்கிறார்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். அம்மையார் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். பெயர். வாழ்விடம், ஹார்லிங்கன். பிறந்த தேதி...

நின்றார். தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது. கை நீண்டது.

"வாழ்..."

வீட்ஸ்கே பேனாவை மேஜையில் வைத்தாள். கெர்பன் கண்ணை மூடிக்கொண்டார். நான் வீட்ஸ்கேயின் தலைக்குப் பின்னால் நின்று, கழுத்து சுளுக்கும்படி தலையாட்டினேன்.

"வாழ்... வாழ்விடம், ஹார்லிங்கன்" என்றார் அம்மையார். நீட்டிய கையால் மேஜை விளக்கைச் சரிசெய்தார். கடைசி வரிவரை ஒரே குரலில் வாசித்து முடித்தார்.

கெர்பன் கையெழுத்திட்டார். வீட்ஸ்கே பேனாவைத் தொடவில்லை.

"டௌவே எதுக்கு மீன வாயில வச்சுக்கிட்டு அழுதான்?"

கெர்பன் தன் பேனாவின் மூடியைத் தேடினார்.

"இன்னிக்கு இவன் பொறந்தநாள். காலையில எங்க வீட்டுக் காலண்டர்லயும் பாத்தேன். வழியில ஒருத்தன்கூட வாயத் தெறக்கல." அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாரும் முழுங்குனாங்களா? எனக்காகவா?"

நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"இந்த ஊருக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்" என்றாள். பேனாவை எடுத்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்திட்டாள். பிறகு கெர்பன் பக்கம் திரும்பி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டாள்.

"வாழ்த்துகள்டா கெழவா. நாளைக்குப் பொழச்சு வந்து சேரு."

அவர் பிழைத்து வந்து சேர்ந்தார். அண்ணன் மகன் தைத்து வைத்திருந்த திரைச்சீலையை வேறு யாருக்கோ விற்றுவிட்டான்.

போன வாரம் இதை மறுபடி சொன்னபோது, அம்மையார் வழக்கம்போல ஆரம்பித்தார். "மீன அடிச்சு விடு. மாவுப் பீப்பாய அடிச்சு விடு. ஊரு சும்மா இருந்துச்சுங்கறதயும்..."

"மேடம், வாழ்விடத்த ஏன் ரெண்டு தடவ வாசிச்சீங்க?"

காபியைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"பழக்கம் நாக்கு நுனிவரைக்கும் வந்துடுச்சு" என்றார் கடைசியில். "அவ மூஞ்சியப் பாத்தேன். விழுங்கிட்டேன். அப்படி விழுங்குனது வாழ்க்கையில அந்த ஒரு தடவதான்." கரண்டியைத் தட்டில் வைத்தார். "நானே விழுங்கியிருக்கேன்னா, ஊரும் விழுங்கியிருக்கும். சரி, ஃபோல்கெர்ட். நடந்ததுதான்."