வெள்ளிக்கிழமைச் சுங்குடி

குவைத்துக்கு வந்த புதிதில் பிரபாவதி குக்கரோடு பேசிக்கொண்டிருந்தாள். "என்ன, இன்னும் விசில் வரலையா? உனக்கும் வேலை செய்ய மனசில்லையா?" என்று கேட்பாள். சிரிக்காதீர்கள். விடிந்ததும் புருஷன் கம்பெனி வேனில் ஏறிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். நடுவில் நீண்டு கிடக்கும் பகலில், கேட்டதற்கு ஏதாவது சத்தம் கொடுக்கிற ஒரே ஜீவன் அந்தக் குக்கர்தான்.

புருஷன் அனந்தகிருஷ்ணன் நல்லவன். அதில் குறை சொல்ல முடியாது. ஆபீஸில் அக்கவுண்டன்ட். திருச்சியில், வாய் ஓயாத நான்கு நாத்தனார்களுக்கு நடுவே இருந்தவளை, "அங்கே உனக்கு ராணி வாழ்க்கை" என்று சொல்லி மங்காஃப் என்ற பகுதியில் மாடி வீடு பிடித்து அழைத்து வந்தான். ராணிதான், பிரஜைகள்தான் இல்லை. கீழ்வீட்டுச் சொந்தக்காரி உம்மு ஹானி அவ்வப்போது சூடான ரொட்டி கொண்டுவந்து கொடுத்து, கன்னத்தைத் தட்டி, சௌக்கியமா என்பதை அரபியில் "ஸேன்?" என்பாள். இவளும் "ஸேன்" என்று தலையாட்டுவாள். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தபடி நிற்பார்கள். அதற்கு மேல் இரண்டு பேரிடமும் சரக்கு கிடையாது.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் காரணமே இல்லாமல் அழுதுவிட்டாள். அனந்தகிருஷ்ணன் பயந்துபோனான்.

"ஊருக்கே போறியா பிரபா? எங்க ஆபீஸ்ல கல்யாணசுந்தரம் சார் அடுத்த மாசம் ஃபேமிலியோட லீவுல போறார். கூட அனுப்பி வச்சுடறேன்."

"பேசறதுக்கு ஒரே ஒரு பொம்பளை கிடைச்சா இருந்துடுவேங்க. இல்லைன்னா என்னால முடியாது" என்றாள். அவ்வளவு வெளிப்படையாக அவள் எதையும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் சேலையைப் பார்த்தாள். துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனவள், டயரும் உடைந்த பெட்டிகளும் கிடந்த காலி மனைக்கு அந்தப் பக்கம், இன்னும் வெள்ளையடிக்காத ஒரு கட்டடத்தின் மேலே, அரக்கு நிறத்தில் ஒன்று காற்றில் ஆடுவதைக் கண்டாள். புள்ளி தெரியாத தூரம். இருந்தாலும் சுங்குடி என்று சத்தியம் செய்தாள். நீளவாட்டில் இரண்டாக மடித்து, பறந்துவிடாமல் முனையைக் கொடியில் முடிந்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு அவளுக்குச் சந்தேகமே இல்லை. நம்ம ஊர்க்காரி!

அன்று முதல் குக்கருக்கு ஓய்வு. அந்தப் பெண்ணோடுதான் பேச்செல்லாம். "அக்கா, இந்த ஊர்த் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குதே, நீங்க என்ன பண்றீங்க?" அக்காவும் மனசுக்குள் பொறுமையாகப் பதில் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை பிரபாவதி தன் மாம்பழ மஞ்சள் சேலையை மாடிச் சுவரோரம் நன்றாகத் தெரியும்படி உலர்த்தினாள். அந்தப் பக்கத்திலும் அதே அரக்குச் சேலை வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். ஒற்றைச் சேலையை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படிக் காலம் தள்ளுவாள் என்று வேறு யாருக்கும் தோன்றியிருக்கும். இவள் தோன்ற விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அனந்தகிருஷ்ணன் குறட்டைவிட ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டாள். சுமங்கலி வீட்டுக்கு முதன்முதலில் போகும்போது வெறுங்கையோடு போவதா? குங்குமச் சிமிழ், ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சை ரவிக்கைத் துண்டு, வெற்றிலை கிடைக்காத ஊரில் அதற்குப் பதிலாக ஓர் ஆப்பிள். எல்லாம் ஒரு தட்டில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு காலி மனையைக் கடந்தாள். மேல்தளத்துக் கதவுக்கு வெளியே ஆம்பிளைச் செருப்புகளாகக் குவிந்து கிடந்தன. பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

கைலி கட்டிய, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் திறந்தார். உள்ளேயிருந்து "கோன் ஹை பாய்?" என்று, வந்தது யாரென இந்தியில் கேட்கும் ஒரு தடித்த குரல். அவர் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"வீட்டுல அவங்க இல்லையா? அந்தச் சுங்குடி... மாடியில காயுதே..."

தமிழைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரும் எதுவும் சொன்னாகளா தாயி? இந்தா, இப்பவே எடுத்துப்புடுறேன்."

"அய்யோ, இல்லண்ணே. அந்தச் சேலைக்காரங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"எம்பொஞ்சாதி மாரியம்மாளையா? அவ ஊர்லல்ல இருக்கா, பரமக்குடிப் பக்கம். இது நான் போத்திக்கிறதுக்குக் கொண்டாந்தது. லீவு நாள்ல அலசிப் போடுவேன்." கூச்சத்தோடு சிரித்தார். "எம்பேரு அழகுமலை தாயி. கொத்து வேல."

இத்தனை வாரமாக மனசுக்குள் பேசிய அக்கா அந்த மாடிப்படியிலேயே இல்லாமல் போனாள். பிரபாவதி தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். உள்ளே கூப்பிட அவரால் முடியாது. கூப்பிட்டாலும் இவளால் போக முடியாது.

"மஞ்சச் சேல காயுற வீடா?" என்று அவர் கேட்டார். "நானும் பாப்பேன் தாயி. நம்ம ஆளுக இருக்காகன்னு ஒரு தெம்பு. இங்க வந்தப்பறம் பொம்பளக் கொரல்ல தமிழக் கேக்குறது இன்னைக்குத்தான். எதாச்சும் ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க."

பேசத்தானே வந்தாள்? சேர்த்து வைத்திருந்த அத்தனை பேச்சும் அந்த அக்காவுக்கென்று வைத்திருந்தது. கடைசியில் வாய்க்கு வந்தது இதுதான்: "சுங்குடியை யாராவது உச்சி வெயில்ல போடுவாங்களா? சாயம் வெளுத்துடாது? நிழல்ல உலர்த்துங்கண்ணே, உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி."

அழகுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் துண்டால் துடைத்தார். "அவளும் இப்பிடித்தேன் வைவா" என்றார்.

"இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க" என்று தட்டிலிருந்த குங்குமச் சிமிழையும் ரவிக்கைத் துண்டையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குமேல் நிற்க முடியாமல் இறங்கி வந்துவிட்டாள்.

நடந்ததைக் கேட்டு அனந்தகிருஷ்ணன் பதறினான். "பேச்சிலர் ரூமுக்கா போனே? தனியாவா? இனிமே அந்தப் பக்கமே போகாதே." சற்றுப் பொறுத்து, "சரி, கல்யாணசுந்தரம் சார்கிட்ட என்ன சொல்லட்டும்? டிக்கெட் எடுக்கணுமே" என்றான்.

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றாள். வெள்ளிக்கிழமை அந்தச் சேலையைப் பார்த்தால் ஏதாவது புரியும் என்று ஒரு நப்பாசை.

வெள்ளிக்கிழமை வந்தது. மாடிக்கு ஓடினாள். எதிர்க் கட்டடத்தின் கொடி வெறுமையாக இருந்தது. உடம்புக்கு முடியவில்லையோ, வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்களோ என்று பயந்தாள். அப்புறம்தான் உறைத்தது. நிழலில் உலர்த்தச் சொன்னதே இவள்தான். அந்த மனுஷன் சொன்ன சொல் தட்டாமல் உள்ளேயே போட்டிருக்கிறார். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே அடையாளத்தை அவளே வாய் திறந்து எடுக்கச் சொல்லிவிட்டாள்.

தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதாள். யார் கேட்கப்போகிறார்கள்?

அழுது ஓய்ந்ததும் கீழே போய், பெட்டியின் அடியிலிருந்து கல்யாணத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறச் சுங்குடியை எடுத்தாள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"டிக்கெட்டுக்கு என்ன சொல்லட்டும் பிரபா?" என்று கூடத்திலிருந்து அனந்தகிருஷ்ணன் கேட்டான்.

"இப்போ வேண்டாம்னு சொல்லிடுங்க."

மேலே வந்து, எதிர்க் கட்டடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, உச்சி வெயிலில், நல்ல பக்கம் வெளியே தெரியும்படி சேலையை விரித்துப் போட்டாள். சாயம் போனால் போகட்டும்.