ஹாஃபிஸா பேரில் ஒரு தூக்குவாளிக் கஞ்சி

எங்கள் தெருவில் ஹாஃபிஸா என்று சொன்னால் போதும், பெண்களுக்கெல்லாம் முகம் மலர்ந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. நேற்று இந்த வீட்டுக்கு வந்தவள்.

பட்டாசு விபத்தில் காயம்பட்டு சிவகாசி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களில், துணைக்கு ஆள் இல்லாத பெண்களைத் தேடிப்போய்க் கஞ்சி ஊட்டிவிடுவாள். யார் எவர் என்று கேட்கமாட்டாள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறவள் யார்? இந்த பீவி ஜான், நான்தான்! பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டு, பூண்டைத் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் பிழிந்து, அடி பிடிக்காமல் கிண்டுவதற்குள் தோள்பட்டை இற்றுப்போகும். அவள் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். பேரெல்லாம் அவளுக்கு.

வீட்டுக்கு செல்போன் வந்த புதிது. மாமியார் துபாயில் இருக்கும் மகளிடம் பேசும்போதெல்லாம் இதே கதைதான். "நம்ம ஹாஃபிஸாவுக்கு என்னா மனசுங்கிறே! அம்புட்டுப் பேரும் அவளுக்குத்தேன் அல்லாகிட்ட துஆ கேக்குறாக." கஞ்சி காய்ச்சுவது பீவி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

தீபாவளி சீசனில் ஹாஃபிஸா காய்ச்சலாகப் படுத்துவிட்டாள். அக்கா முறைக்கு என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"லாத்தா, தாயில்பட்டி ராமுத்தாயின்னு ஒரு பிள்ள. கண்ணுல கட்டு, கையில கட்டு. கூட ஒருத்தருமில்லே. நேத்தும் என்னால போக முடியலே. நான் குடுத்தாத்தேன் குடிக்கும். இன்னைக்கு நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்."

நீ கொடுத்தால்தான் குடிப்பாளாக்கும் என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டு கிளம்பினேன். இன்றைக்காவது என் பேரைச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு. 'நான் பீவி ஜான். இத்தனை நாள் நீ குடித்தது என் கஞ்சி.' வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வார்டில் நர்ஸம்மா அலுத்துக்கொண்டார். "நேத்துலேருந்து ஒண்ணும் உள்ளே போகலே. நானும் குடுத்துப் பார்த்துட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்குது. இப்பிடியே கெடந்தா உடம்பு தாங்காதும்மா."

ராமுத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூக்குவாளி மூடியைத் திறந்தேன். சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஹாஃபிஸாக்கா, வந்துட்டீகளா? கஞ்சி வாசத்துலயே தெரிஞ்சிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. என் கை மணம், அதற்கும் அவள் பேரா? இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராமுத்தாய் வாயைத் திறந்துவிட்டாள். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. நான் வேறு யாரோ என்று தெரிந்தால் மூடிக்கொள்வாளோ என்று பயம் வந்தது.

கஞ்சியைக் கரண்டியில் அள்ளி அவள் வாயில் வைத்தேன். மடக்கென்று விழுங்கினாள். பாதி வாளி காலியானது.

"ஏக்கா, இன்னைக்குப் பேசவே மாட்டேங்கிறீக? எம்மேல கோவமா?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கோவமெல்லாம் இல்லே தாயி. உன் ஹாஃபிஸாக்காவுக்குக் காய்ச்சல்லே தொண்டை கட்டிருச்சு. நீ குடி."

"நீங்க நல்லா இருக்கணும், ஹாஃபிஸாக்கா" என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தாள். கையைப் பிடித்துப் படுக்கையில் வைத்தேன். அந்த வாழ்த்தும் ஹாஃபிஸாவுக்கே போனது. வயிறு எரியத்தான் செய்தது. சேலைத் தலைப்பால் ராமுத்தாயின் வாயைத் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாஃபிஸா எழுந்து உட்கார்ந்தாள். "குடிச்சுச்சா லாத்தா? உங்கள யாருன்னு சொன்னீக?"

"ஹாஃபிஸான்னுதேன் சொன்னேன். உனக்கென்ன இப்போ? பேசாமப் படு. நாளைக்கும் நாந்தேன் போவேன்."

அடுப்படிக்குப் போய் நாளைக் கஞ்சிக்குப் பாசிப்பருப்பை ஊறப்போட்டேன், இன்றைக்கு ஒரு பிடி கூடுதலாகவே.