பின்பக்கமாகப் பறந்த கலம்

பழைய விஞ்ஞானத் தொடர்களில் மறுபடியும் எடுக்கத் தகுந்தவை பத்து என்று எவனோ ஒருவன் இணையத்தில் பட்டியல் போட்டிருந்தான். மகள் அதைப் போனில் வாசித்துக் காட்டினாள். எங்கள் 'பதினோராம் கலம்' மூன்றாவது இடத்தில் இருந்தது. முதல் இரண்டு எவை என்றுகூட நான் கேட்கவில்லை. மூன்றாவதற்கு அவன் சொல்லியிருந்த காரணத்தைக் கேட்டதுமே சாப்பிட்டது நெஞ்சில் நின்றுவிட்டது. பின்பக்கம் முன்னால் வர, வானத்தைப் பின்னோக்கிக் கடக்கும் அந்த விண்கலத்தின் விசித்திர அழகுக்காகவே இதைத் திரும்ப எடுக்கலாமாம்.

விசித்திர அழகாம், மண்ணாங்கட்டி. அந்தக் கலத்தைச் செய்தவன் நான். அதற்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. அதைப் பின்னால் தள்ளி, பின்பக்கத்தை முன்னால் ஓடவிட்டு, வாரம் தவறாமல் ஊருக்கெல்லாம் காட்டியது ஒரு ஆள். நாற்பத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். இந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி அடுப்பில் ஏதோ தீய்வது போல எழுந்து போய்விடுவாள்.

அந்த ஆள் வேறு யாரும் இல்லை, என் அக்கா புருஷன். நேரில் பார்த்தால் அத்தான் என்று கூப்பிடுவேன், அது அக்காவுக்காக. ஸ்டூடியோவில் அவர் மினியேச்சர் கேமராமேன், அதாவது பொம்மைகளைப் படம் பிடித்து நிஜம் போலக் காட்டுகிறவர். பொம்மை செய்கிற வேலையில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். வாங்கின உதவியையும் சேர்த்து வெறுக்கவேண்டியிருக்கிறது, அது இன்னும் எரிச்சல்.

என்னை அங்கே எல்லாரும் 'பசை' என்பார்கள். விரலில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். கலத்தை ஆறு வாரம் செய்தேன். மூக்கு மட்டும் மூன்றடி. நல்ல மரத்தில் கடைந்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முனையைக் கூராக்கினேன். பின்னால் நான்கு எஞ்சின் வாய்கள். அவை வெறும் எவர்சில்வர் வடிகட்டிகள், உள்ளே சிவப்பு விளக்கு. நடுவில் ஷாம்பு பாட்டில், பேனா மூடி, முட்டை அட்டை, கைக்கு அகப்பட்டதெல்லாம். என் உயிர் அந்த மூக்கில்தான் இருந்தது. கலத்தின் அடியில் சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போட்டு 'முன்' என்று எழுதியும் வைத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகூட அதைச் சரியாக மாட்டியிருக்கும்.

படம் பிடிக்கும் தளத்துக்குள் பொம்மை செய்கிறவர்களை விடமாட்டார்கள். அது அந்த ஸ்டூடியோவின் வழக்கம். வாசலில் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். இன்னொன்று, கலத்தைச் சின்னத் தண்டவாளத்தில் மாட்டி நகர்த்தி, அது பறக்கிற காட்சிகளை ஒரே வாரத்தில் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். தொடர் முடியும்வரை அவற்றையே வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் எபிசோடு ஒளிபரப்பான அன்று வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, அக்கம்பக்கத்தார் என்று பதினேழு பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். என் கலம் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. நாற்பது எபிசோடுக்கும் இனி இதுதான் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டூடியோவில் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"அம்புக்குறி போட்டிருந்தேனே அத்தான். கண்ணு எங்க போச்சு?"

"கவனிக்கலைடா பசை. தப்பாயிடுச்சு," என்றார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. நான் விடவில்லை. கேண்டீனில், மேக்கப் அறையில், வாசலில் நிற்கிற டிரைவர்களிடம்கூடச் சொன்னேன். 'திருப்பி' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததும் நான்தான். அது அவரை விட்டுப் போகவே இல்லை. அடுத்த தொடருக்கு யாரைத் தலைமைக் கேமராமேன் ஆக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, "திருப்பியா? வேணாம்பா, முன்ன எது பின்ன எதுன்னு தெரியாத ஆளு," என்று சிரித்துத் தள்ளிவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் பொம்மைகளையே எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

பட்டியல் வந்த எட்டாவது மாதம் ஒரு கம்பெனி நிஜமாகவே தொடரைத் திரும்ப எடுக்கக் கிளம்பியது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் கதை, வசனம், இசை எல்லாவற்றையும் முறையாக எழுதி வாங்கியிருந்தார்கள். என்னிடம் மட்டும் எதுவும் வாங்கவில்லை. தினக்கூலிக்காரனிடம் யார் போய்க் கையெழுத்துக் கேட்பார்கள்? அதனால் கலத்தின் வடிவம் இன்னும் என் சொத்தாகவே இருந்தது. இதைக் கண்டுபிடித்த கம்பெனி வக்கீல் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க சார், பேசிக்கலாம்."

"கலம் எந்தப் பக்கமா பறக்கணும்னு நான்தான் சொல்லுவேன். அதை எழுத்துல குடுங்க. வேற எதுவும் வேணாம்."

எனக்குக் கழன்றுவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. சாவதற்குள் அது மூக்கு முன்னால் வரப் பறப்பதை உலகம் பார்க்கவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எழுதிக் கொடுத்தார்கள்.

இயக்குநர் நாற்பது வயதுப் பெண். மறு ஒளிபரப்பில் தொடரைப் பார்த்து வளர்ந்தவர். என் வீட்டு அலமாரி மேல் போர்வையில் சுற்றிக் கிடந்த கலத்தை வாங்கிக்கொண்டு போய், அங்குலம் அங்குலமாக அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வரச்சொன்னார். கம்பெனியின் நான்காவது மாடியில் இருபது நாற்காலி போட்ட சின்னத் திரையரங்கு. உள்ளே போனால், முதல் வரிசையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"இவரை யாரு கூப்பிட்டது?" என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"நான்தான் சார். அந்த ஷாட்டெல்லாம் எடுத்தவர் இல்லையா."

"எடுத்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே."

"வா பசை," என்றார் அத்தான். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

இயக்குநர் எங்கள் எதிரில் வந்து நின்றார். "கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன் சார். அந்தக் கலத்தைப் பாத்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். சின்ன வயசுல, அது வாயைத் திறந்துக்கிட்டு என்னைப் பாத்து வர்ற மாதிரியே இருக்கும். சோபாவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவேன். மாத்தித்தான் ஆகணுமா?"

"அது வாய் இல்லம்மா. எஞ்சின். இன்னும் சொல்லப்போனா வடிகட்டி."

அவர் போய், படம் ஓட்டுகிற பையனிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்.

முதலில் பழைய தொடரின் காட்சியையே ஓடவிட்டார்கள். நான் வேண்டுமென்றே குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது என்னுடையது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருட்டில் ஓரத்திலிருந்து மூக்கு முனை எட்டிப் பார்த்தது. மூக்கு வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு அது போய்க்கொண்டே இருக்க, எல்லாம் முடிந்த பிறகு உடம்பு ஏதோ மறந்துபோய் ஓடிவந்தது போல வந்து சேர்ந்தது. ஒட்டடைக்கம்பைக் கைப்பிடி முன்னால் இருக்கும்படி யாரோ தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார்கள். அதே ஒட்டடைக்கம்பு.

"பழசைப் போடுங்க," என்றேன்.

இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை. நூறு தடவைக்கு மேல் அந்தக் காட்சி என் கண் முன்னால் ஓடியிருக்கிறது. ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை, என் கோபத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இருட்டிலிருந்து நான்கு சிவப்பு வாய்கள் வந்தன. அவை கடந்து போன பிறகும் அந்த நீண்ட மூக்கு ஓசையில்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, முடியவே கூடாது என்று தோன்றியது. நான் செய்தவற்றிலேயே அழகானது அதுதான். அதை அழகாக்கியவன் நான் இல்லை.

அத்தான் பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதழோரம் கொஞ்சம் சிரித்திருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. எனக்காக வெட்கப்படுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

விளக்கைப் போட்டார்கள். மேசையில் இரண்டு காகிதம். ஒன்றில் கலம் இப்படி, இன்னொன்றில் அப்படி. "உங்க வார்த்தைதான் சார் முடிவு," என்று இயக்குநர் பேனாவை நீட்டினார். அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் எது நல்லது என்று தெரியும், என்னையும் சேர்த்து. மூக்கு முன்னால் இருந்த காகிதத்தை இழுத்து அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இதுதான். இப்படித்தான் பறக்கணும்."

"சரி சார்," என்றார் இயக்குநர். இன்னொரு காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே நடையில் லிஃப்ட்டுக்காக நின்றேன். அத்தான் கைத்தடியைத் தட்டித் தட்டிப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"அது நல்லால்லைன்னு உனக்குத் தெரிஞ்சுது," என்றார். "உன் மூஞ்சியைப் பாத்தேன்."

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா?"

"அது என்னோடது. எப்படி இருந்தா உங்களுக்கென்ன?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, "அன்னிக்கு நான் கவனிக்காம மாட்டலை பசை," என்றார். "அம்புக்குறியைப் பாத்தேன். முதல்ல நீ சொன்ன மாதிரிதான் மாட்டினேன். லென்ஸ் வழியா பாத்தா சகிக்கலை. சரி, திருப்பி மாட்டித்தான் பாப்போமேன்னு மாட்டினேன். அப்படியே உக்காந்துட்டேன்டா. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"வேலைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு உனக்கு. அந்த மூக்கைத் தடவிக்கிட்டே அலைஞ்ச. பசை செஞ்சது சரியில்லைன்னு பேச்சு வந்தா உன்னை அனுப்பிடுவாங்க. கேமராக்காரன் தப்பா மாட்டிட்டான்னா நாலு பேர் திட்டுவாங்க, பத்து நாள்ல மறந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். அவருக்கு வரவேண்டிய வேலையைக் கெடுத்தவனும் நான். அக்கா வீட்டு விசேஷத்தில் குழந்தைகள் முன்னாலேயே அவரைத் திருப்பி என்று கூப்பிட்டிருக்கிறேன். அப்போதும் இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஆனா நான் பண்ணதும் தப்புதான்," என்றார். "உன்னை உள்ள கூட்டிட்டுப் போய் லென்ஸ்ல பாக்கச் சொல்லியிருக்கணும். சண்டை போட்டிருப்ப. அப்புறம் நீயே திருப்பியிருப்ப. அது முழுசா உன்னோட கலமா இருந்திருக்கும். அதை நான் உன்கிட்டேருந்து எடுத்துக்கிட்டேன்." அறைப் பக்கம் கைத்தடியை நீட்டினார். "இப்ப போய் நீயே திருப்பிடு. நான் சொன்னேன்னு வேணாம். நீயே பாத்தல்ல, அதுக்காக."

அறைக் கதவு இருபதடி தூரத்தில் இருந்தது. உள்ளே இயக்குநர் யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. காகிதம் மேசை மேலேயேதான் கிடக்கும். போய் ஒரு கோடு கிழித்தால் முடிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, கூனிக் குறுகி நின்றேன். ஆனால் அதையெல்லாம் மீறிக் கோபம்தான் வந்தது. தப்பு செய்தார் என்று இத்தனை வருடம் திட்டிக்கொண்டாவது இருந்தேன். இனி அதுவும் இல்லை. அதையும் பிடுங்கிக்கொண்டு, எனக்கு நல்லது சொல்லிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

லிஃப்ட் வந்து நின்றது. ஏறினேன். அவர் கைத்தடியை ஊன்றி உள்ளே கால் வைப்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டேன். கதவு மூடும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று அந்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.