கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெரீஃப்

அக்டோபர் முதல் தேதி காலையில் என் அறைக் கதவிலிருந்த பித்தளைப் பலகையைக் கழற்றினார்கள். 'லைமன் ஸ்டாடர்ட், கவுண்டி கமிஷனர்' என்று எழுதியிருந்த பலகை. பதினைந்து வருஷம் அந்தக் கதவில் இருந்தது. நான்கு திருகாணியோடு காரியம் முடிந்துவிட்டது. எதிர் அறையில் வாரன் பெக்வித் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காபி குடித்தபடி வேடிக்கை பார்த்தான். அவன் பலகையை யாரும் தொடவில்லை. அவன் ஷெரீஃப்.

நடந்தது இதுதான். எங்கள் கனெக்டிகட் மாநிலத்தில் கவுண்டி என்கிற மாவட்ட அரசாங்கத்தையே சட்டசபை ஒழித்துவிட்டது. நாங்கள் நடத்திய சிறைச்சாலையும் நீதிமன்றக் கட்டடமும் மாநிலத்தின் கைக்குப் போய்விட்டன. ஆனால் ஒழிந்தது அரசாங்கம் மட்டும்தான், கவுண்டி ஒழியவில்லை. வரைபடத்தில் கோடு இருக்கிறது. கோட்டுக்குள் நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு ஒரு ஷெரீஃப் இருக்கிறான். கமிஷனர்கள் மூன்று பேர்தான் இல்லை. வீட்டை விற்றுவிட்டு வாசல்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது என்று ஒன்று உண்டா? எங்கள் மாநிலத்தில் உண்டு.

எனக்குப் பொறாமை. அதை ஏன் மறைக்க வேண்டும்? நீதிமன்றம் கூடும் நாளில் அவன் உயரத் தொப்பி வைத்துக்கொண்டு, கையில் கோலோடு நீதிபதிக்கு முன்னால் நடந்து வருவான். கூடம் முழுக்க எழுந்து நிற்கும். நீதிபதிக்காகத்தான் எழுகிறார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பெக்வித்துக்கு மட்டும் தெரியாது. பதினைந்து வருஷத்தில் எனக்காக ஒரு நாய்கூட எழுந்து நின்றதில்லை.

சனிக்கிழமை, பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி தெல்மா ஆரம்பித்தாள்.

"உன் ரூமையும் வாரனுக்கே குடுத்துட்டாங்களாமே? அவன் பொண்டாட்டி சொன்னா."

"அவனுக்கு எதுக்கு ரெண்டு ரூம்?"

"தொப்பி வைக்கவாம்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீ ஏன் இப்படி வேகுற, லைமன்? அந்த ரூம்ல உக்காந்து ஜெயிலுக்கு உருளைக்கிழங்கு வாங்கத்தானே கையெழுத்துப் போட்ட?"

"பதினஞ்சு வருஷம் போட்டேன். கவர்னரே என் கையைப் பிடிச்சுக் குலுக்கியிருக்கார், தெரியுமில்ல?"

"அன்னிக்கு மழை. எல்லார் கையையும் குலுக்கிட்டு ஓடினார்" என்றாள் தெல்மா.

வீட்டில் இந்த லட்சணம். மறு வாரம் என் அலமாரியைக் காலி செய்து காகிதங்களை மாநிலத்துக்குக் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் அது கிடைத்தது. நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய எல்லைப் பதிவின் நகல்.

கவுண்டி என்றால் என்ன என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் பெரிய விளக்கம் ஒன்றும் இருக்காது. இன்னின்ன ஊர்கள் சேர்ந்தது இந்தக் கவுண்டி, அவ்வளவுதான். சரி, ஊர் எதுவரை? இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை. கடைசியில் எல்லாம் கல்லில் போய் நிற்கும். எங்கள் ஹார்லோ ஊர், கவுண்டியின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஸ்டெட்மன் ஊர், அடுத்த கவுண்டி. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடைதான் எல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. பதிவு வேறு மாதிரி சொன்னது: 'மேட்டின் உச்சியிலுள்ள கற்குவியலிலிருந்து, குளத்துக்கு மேலே இரண்டாகப் பிளந்த பாறை வரை, நேர்கோடு.'

மேடு ஊர் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. பெக்வித்தின் வீடு ரோட்டுக்கு மேற்கே. மேட்டு உச்சியில் எல்லை என்றால், அந்த வீடு எங்கள் ஊரிலேயே இல்லை. எங்கள் கவுண்டியிலேயே இல்லை. கவுண்டிக்கு வெளியே குடியிருப்பவன் கவுண்டிக்கு ஷெரீஃபாக இருக்க முடியாது.

அன்று மத்தியானம் இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டேன்.

இதில் எனக்கு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்துப் பக்கத்து ஊர்களின் சபை உறுப்பினர்கள் சேர்ந்து எல்லையை நடந்து பார்த்து, ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் வருஷத்தையும் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையும் பெயிண்டால் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்த வருஷம் அதற்கான வருஷம். நானோ ஹார்லோ சபையில் இன்னும் உறுப்பினர். சட்டம்தான் அப்படி, வழக்கம் வேறு. வழக்கப்படி ரெண்டு ஊர்க்காரர்களும் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றுவிட்டு, 'நடந்து பார்த்தோம், எல்லாம் முன்போலவே உள்ளது' என்று கையெழுத்துப் போடுவார்கள். ஐம்பதிலும் ஐம்பத்தைந்திலும் நானே போட்டிருக்கிறேன்.

"நடக்கணுமா? நிஜமாவா?" என்றார் ஸ்டெட்மன் ஊர் எல்லரி கேட்ஸ். அவருக்கு முட்டி வலி. "லைமன், உனக்கு ஏதாவது ஆயிடுச்சா? கையெழுத்தை நான் இப்பவே போட்டுடறேன். நீ போய் நடந்துட்டு வா. நான் கார்ல உக்காந்திருக்கேன்."

"போடுங்க. ஆனா நான் பார்த்ததைத்தான் மேலே எழுதுவேன்."

"கவிதைகூட எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, டோனட் பொட்டலத்தைப் பிரித்தார்.

நான் திசைகாட்டி, வெள்ளைப் பெயிண்ட் டப்பா, பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். முள்ளும் காய்ந்த இலையும். ஐம்பத்தெட்டு வயதுக்காரன் போகிற இடமல்ல. ஆனாலும் என் கால் பறந்தது. தேடித் தேடி, ஒரு ஓக் மரத்தடியில் கற்குவியலைக் கண்டுபிடித்தேன். இடுப்பு உயரம், பாசி பிடித்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் ரோடும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெக்வித்தின் சிவப்புக் களஞ்சியமும் வீடும் கீழே தெரிந்தன. சந்தேகமே இல்லை. ஆள் அடுத்த கவுண்டி!

பாசியைச் சுரண்டினேன். அடியில் மங்கிய வெள்ளை எழுத்து இருந்தது. 1945. பக்கத்தில் இரண்டு எழுத்துகள், டபிள்யூ, பி. வாரன் பெக்வித்.

நாற்பத்தைந்தில் அவன்தான் எங்கள் சபை உறுப்பினர். அப்படியானால் இவன் இங்கே ஏறி வந்திருக்கிறான். தன் வீடு வெளியே இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். பார்த்தும் மறைத்து, ஐந்து வருஷம் கழித்துத் தேர்தலில் நின்று ஷெரீஃப் ஆகியிருக்கிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதவி போவது மட்டுமல்ல, மானமும் சேர்ந்து போகும்.

"என்னடா லைமன், வழி தவறிட்டியா?"

பெக்வித் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். தொப்பி இல்லை, கோல் இல்லை, பழைய கம்பளிச் சட்டை.

"வழி தவறினது நானில்ல. உன் வீடு ஸ்டெட்மன்ல இருக்கு, வாரன். உனக்கு அது தெரியும்."

அவன் கற்குவியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கொஞ்சம்கூடப் பதறவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி, கோடு இங்க ஆரம்பிக்குது. எங்க முடியுது?"

"குளத்துக்கு மேல பிளந்த பாறையில."

"அதைப் பார்த்தியா?"

"பார்க்க என்ன இருக்கு? உன் வீட்டுக்கு இந்தக் கல்லே போதும்."

"திரும்புடா. தெற்கே பாரு."

திரும்பினேன். ரோட்டின் இந்தப் பக்கம், குளத்துக்கு மேலே, ஒரு பெரிய பாறை நடுவில் பிளந்து நின்றது. அதை நான் தினமும் பார்க்கிறேன். என் தபால் பெட்டி அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டுக்கும் அந்தப் பக்கம், ஒரு வெள்ளை வீடு. கொடியில் தெல்மா என் கால்சட்டைகளைக் காயப் போட்டிருந்தாள்.

பொறாமைக்காரன் கண்ணுக்கு அடுத்தவன் வீடு மட்டும்தான் தெரியும் என்பார்கள். எனக்கு என் வீடு தெரியாமலே போய்விட்டது.

"நான் போனா ஒரு தொப்பி போகும்" என்றான் பெக்வித். "உனக்குப் பதினஞ்சு வருஷம் போகும். அத்தனை கையெழுத்தும் வெளியூர்க்காரன் கையெழுத்து."

கற்குவியலின் மேலேயே உட்கார்ந்தேன். அந்த அறை போனது போகட்டும். அங்கே நான் இருந்தேன் என்பதாவது எனக்கு மிச்சமாக இருந்தது. அதுவும் போனால் நான் யார்?

"நாப்பத்தஞ்சுல நீ எதுக்குடா இங்க ஏறின?" என்று கேட்டேன். "யாருமே ஏற மாட்டாங்களே."

அவன் ஒரு மாதிரி சிரித்தான்.

"கமிஷனர் வேலைக்கு நானும் அலைஞ்சேன், ஞாபகமிருக்கா? உனக்குக் குடுத்தாங்க. ஆறு மாசம் தூக்கமில்ல எனக்கு. பழைய எல்லைப் பதிவைப் படிச்சு, நீ எல்லைக்கு வெளியே இருக்கேன்னு கண்டுபிடிச்சேன். உன்னைக் கவுக்கலாம்னு ஓடி வந்தேன், இதே மாதிரி பெயிண்ட் டப்பாவோட. உன் வீட்டைப் பார்த்துக் குதிச்சேன். அப்புறம்தான் திரும்பினேன். என் களஞ்சியம் தெரிஞ்சுது."

கீழே எல்லரி ஹாரன் அடித்தார். டோனட் தீர்ந்திருக்கும்.

"பெயிண்ட் கொண்டாந்திருக்கேல்ல? அடிச்சுட்டுப் போ. இல்லேன்னா அஞ்சு வருஷம் கழிச்சு வர்றவன் சந்தேகப்படுவான்" என்று சொல்லிவிட்டு பெக்வித் இறங்கிப் போனான்.

டப்பாவைத் திறந்தேன். அவன் என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறான் என்பது கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதையும் எனக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே பட்டு முடித்துவிட்டான். என் சொந்தப் புத்தி என்று நினைத்து ஏறி வந்த மேட்டில்கூட அவன் முதலில் ஏறியிருந்தான்.

அந்தக் கல்லில் மேலே இடமில்லை. 1960 என்றும் என் முதலெழுத்துகளையும் அவன் பெயருக்குக் கீழேதான் எழுத வேண்டியிருந்தது.