நாலு விரல் இடைவெளி

மற்ற பெண்கள் வேலைக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஹசீனா ஏலக்காய் கம்பெனிக்குள் நுழைந்து, எக்ஸ்ரே மிஷினின் வெளிவாயில் இருந்த இரண்டு திருகுகளைத் தளர்த்தி, ஈயத் தகட்டைக் கீழே இறக்கினாள். தகட்டின் அடியில் தொங்கிய கனத்த பட்டைகள் பெல்ட்டைத் தொட்டன. திருகை முறுக்கிவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. அதில் நிம்மதியும் இல்லை.

பாக்கெட்டுக்குள் கல்லோ கம்பித் துண்டோ கிடந்தால் காட்டிக்கொடுக்கிற மிஷின் அது. பாக்கெட்டின் உயரத்துக்குத் தக்கபடி தகட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மிஷினைச் செய்தவனுக்கு ஏலக்காயைப் பற்றி என்ன தெரியும்? பருப்பு, பிஸ்கட்டு என்றால் பட்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். நூறு கிராம் காய்க்கு ஏது அந்தக் கனம்? பட்டையில் முட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் வருவது அதன்மேல் ஏறும், மிஷின் கூவிக்கொண்டு நின்றுவிடும். உடனே சூப்பர்வைசர் பேச்சிமுத்து கத்துவார். அவர் கத்தினால் கோடாங்கிபட்டி வரைக்கும் கேட்கும். இந்தச் சள்ளை பொறுக்காமல்தான் இருபத்தாறு நாளைக்கு முன்னால் ஹசீனா தகட்டை நாலு விரல் தூக்கி வைத்தாள். அப்புறம் பாக்கெட்டெல்லாம் பட்டையில் படாமல் வழுக்கிக்கொண்டு வந்தன. அன்றைக்கு டீயோடு வடையும் வாங்கிக் கொடுத்து, மதுரை இன்ஜினியருக்கு வராத யோசனை என்று மெச்சினார் பேச்சிமுத்து. அவளும் பூரித்துத்தான் போனாள், சும்மா சொல்லக் கூடாது. பட்டை எதற்குத் தொங்குகிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஏசி ரூம் வாசலில் தொங்குமே, அதுபோலத் தூசிக்காக என்று நினைத்தார்கள். மிஷினில் ஒட்டியிருந்த மஞ்சள் படத்தில் மூன்று இறக்கை இருந்ததால், உள்ளே ஃபேன் ஓடுகிறது, கையை விடாதே என்று அவர்களாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் எல்லாம் தலைகீழானது. குரங்கணியில் ஜீப்பிலிருந்து மூட்டை இறக்கும்போது புருஷன் சவுகத் அலிக்கு மணிக்கட்டு பிசகிவிட, ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனாள். அந்த அறைக் கதவில், மிஷினில் இருந்த அதே மஞ்சள் காத்தாடிப் படம். கீழே தமிழில் எழுதியிருந்தது: ‘கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.’ இரண்டு தடவை படித்தாள். உள்ளேயிருந்து புருஷன் கூப்பிட்டது காதில் ஏறவே இல்லை.

ஏனென்றால் மிஷினின் வெளிவாயை ஒட்டி நின்று பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்குகிறவள் முத்துப்பிரியா. பெல்ட்டு சரியாக அவள் வயிற்று உயரம். கல்யாணமாகி ஏழு வருஷம், ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, கேட்காத பேச்சும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் கக்கூஸ் பக்கம் நின்று வாந்தியெடுத்தவளை ஹசீனா தாங்கிப் பிடித்தபோது, வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மூன்று மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே, மாமியாருக்கே இன்னும் சொல்லவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஐந்து நேரத் தொழுகையிலும் ஹசீனா அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்ட வாய் அவளுடையது, தகட்டைத் தூக்கிய கையும் அவளுடையதே.

பத்து மணிக்கு மதுரையிலிருந்து சிவக்குமார் வந்தான். வருஷத்துக்கு ஒருதரம் மிஷினைச் சோதிக்க வருகிற பையன். அவன் வருகிற தேதி தெரிந்துதான் விடிந்ததும் ஓடிவந்திருந்தாள். எக்ஸ்ரே கதிரை அளக்கிற, செங்கல் அளவு மீட்டர் ஒன்றை வெளிவாய்ப் பக்கம் அங்கும் இங்கும் காட்டினான். அது எப்போதாவது ஒருதரம் ‘டிக்’ என்றது.

“சுத்தமா இருக்குண்ணே. பட்டையத் தாண்டி கதிர் வெளிய வரல. யாரும் பயப்பட வேணாம்” என்று பேச்சிமுத்துவிடம் சொன்னான்.

முத்துப்பிரியா ஹசீனாவைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். பாவி மகள், அந்தச் சிரிப்பை மட்டும் சிரிக்காமல் இருந்திருக்கலாம். அவன் சொன்னது இன்றைக்கு உள்ள கணக்கு. தகடு தூக்கியிருந்த இருபத்தாறு நாளுக்கு என்ன கணக்கு? ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அப்படித்தான் இருக்கும், அல்லாஹ் அப்படி ஆக்க மாட்டான். இல்லையென்றால்? சோதித்துவிட்டான், அடுத்த வருஷம்தான் வருவான். வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும், பேரும் நிலைக்கும். ஆனால் இன்னும் ஏழு மாசம் அந்த வயிறு வளர்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சிவக்குமார் மீட்டரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான்.

“தம்பி, மூடாதீங்க” என்றாள் ஹசீனா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “தகடு இப்படி இருந்ததில்ல. நேத்து வரைக்கும் இம்புட்டு தூக்கியிருந்துச்சு. நாந்தேன் தூக்குனேன். காலைல வந்து எறக்குனதும் நாந்தேன்.” நாலு விரலைச் சேர்த்து நீட்டினாள். “தூக்கி வச்சு ஒருக்கா பாருங்க.”

பேச்சிமுத்து மெதுவாகப் பெட்டிகளுக்குப் பின்னால் நகர்ந்தார். வடை வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே. சிவக்குமார் முகம் மாறிவிட்டது. திருகைத் தளர்த்தித் தகட்டை நாலு விரல் ஏற்றிவிட்டு, மீட்டரை மறுபடி வெளியே எடுத்தான்.

“இங்க யாரு நிப்பா? எந்த ஒசரத்துல பிடிக்கணும்?”

முத்துப்பிரியா கையிலிருந்த பாக்கெட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். அவனிடம் போய், மீட்டர் பிடித்த கையைத் தன் கையால் தாழ்த்தி, அடிவயிற்றுக்கு நேராக நிறுத்தினாள்.

“இந்த ஒசரம்ணே” என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அப்புறம் அவசரமாக எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னான். ஸ்டூலின்மேல் அட்டைப்பெட்டியை வைத்து, அதன்மேல் மீட்டரைத் தன் பக்கம் பார்க்க நிறுத்தினான். தூரத்தில் போய் நின்றுகொண்டு, ஓட்டச் சொல்லித் தலையசைத்தான். முத்துப்பிரியா சுவரோரம் வந்து நின்றாள். ஹசீனா அவள் கையைத் தொட்டாள். முத்துப்பிரியா விலக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அவள் கண் மீட்டரின் முதுகிலேயே இருந்தது.

பெல்ட்டு ஓடத் தொடங்கியது. தூக்கிய தகட்டின் கீழே எதிலும் படாமல் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. எடுத்து அடுக்க ஆளில்லாமல், சத்தமே இல்லாமல் தரையில் விழுந்தன. ‘டிக்’ என்றது மீட்டர். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும். சிவக்குமார் குனிந்து மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.