மூடியில்லாத பெட்டி

லேத் பட்டறையிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டத்தைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு, ஹேமநாத் இரண்டடி பின்னால் போய் நின்று என் முகத்தைப் பார்த்தான். நான்கு கம்பிகள், நடுவில் ஒரு தகடு. அவ்வளவுதான். குழம்புச் சட்டியை இறக்கி வைக்க இடமில்லாமல் கைத்துணியோடு பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு விரல்களில் ஏறியது.

"எப்படி கீது?"

"நல்லாக்கீதுங்க."

பேச்சில் 'ங்க' போடுவேன். மனதுக்குள் 'அவன்'தான். கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. சென்னைக் கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. "நானே உட்டுட்டு வந்துட்டேன் அத்த" என்று என் அம்மாவிடம் அவன் சொன்ன மாலையில் அது மாறியது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக வரும். எட்டு மாதங்களாக வந்துகொண்டிருக்கிறது.

அவன் அந்தச் சட்டத்தில் குடியேற்றப் போவது என் கம்ப்யூட்டரை. அதில்தான் நான் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறேன். முந்தி, பார்டர், புட்டா எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக நிரப்பி, பென் டிரைவில் ஏற்றி மாணிக்கவேல் முதலாளியிடம் கொடுப்பேன். அவர் முள்ளிப்பட்டில் தனக்கு நெய்பவர்களிடம் அனுப்புவார். தறிக்கு மேலே இருக்கும் பெட்டி அதைப் படித்து இழைகளைத் தூக்கும். இந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கட்டங்களால்.

கம்ப்யூட்டரின் பழைய பெட்டிக்கு என்ன குறை என்று கேட்டிருக்கலாம். சாம்பல் நிறத் தகரம், பக்கவாட்டில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். ஏழு வருடம் ஒழுங்காக இருந்தது. "அசிங்கமா கீது, உள்ள காத்தே போவல" என்றான். பிறகு ஒரு நோட்டு முழுக்க வரைந்தான். கம்பிகளின் உயரத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டி, ஒரு சென்டிமீட்டர் குறைத்து, பக்கம் பக்கமாக ஒரே சட்டத்தையே வரைந்தான். எதற்கெடுத்தாலும் 'மினிமல்' என்றான். தேவையில்லாத எதுவும் இருக்கக் கூடாதாம். அவன் சட்டைகள் மூன்று நாற்காலிகளில் கிடந்தன. குடித்த டம்ளர்கள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்றன. குறைக்க வேண்டியது என் கம்ப்யூட்டரின் மூடி மட்டும்.

பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பட்டறைக்காரர் தங்கவேலு படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பூந்தொட்டி ஸ்டாண்டா?"

"கம்ப்யூட்டருக்குண்ணா. ஓப்பன் கேஸ். சுத்தி ஒண்ணும் இருக்காது."

"அப்போ அது டவுசர் இல்லாம நிக்கப் போவுது." தங்கவேலு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கொசு வலை எதனா கட்டுங்கம்மா."

ஹேமநாத்தும் சிரித்தான். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்பதுகூடத் தெரியாதவனைப் போல. வழி முழுக்க அவனுக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்துகொண்டு அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பழைய பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, புதன்கிழமை எல்லாவற்றையும் பொருத்தினான். செல்போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தான். அவன் போடும் வீடியோவுக்கு 'ப்ரோ செம' என்று எழுதுவதற்கென்றே உலகத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஆனால் ஒயர்களை அவன் வாரிக் கட்டியிருந்த விதத்தில் என்னால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படிந்து கிடந்தன. அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடியது.

"இதும் பக்கத்துல சேலைய உதறாத, ராதிகா. ஜரிகை விழுந்தா போச்சி. போர்டு அவுட்டு."

ஜரிகையைப் பற்றி எனக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு கல்யாணச் சேலையின் முந்தி டிசைனை முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மாதிரியாக மாணிக்கவேல் ஒரு பழைய சேலையை அனுப்பியிருந்தார். பின்பக்கம் வெட்டிய ஜரிகை நுனிகள் மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும், வெள்ளி இழை ஓடும் அசல் ஜரிகைச் சேலை. அதை மேசையில் விரித்து வைத்து, கடைசிக் கட்டத்தையும் நிரப்பி சேவ் பண்ணியபோது இரண்டு மணி. ஹேமநாத் டீக்கடைக்குப் போயிருந்தான். பென் டிரைவில் ஏற்றும் முன் சேலையை மடித்துவிடலாம் என்று எழுந்தேன். எங்கள் வீடுகளில் சேலையை உதறாமல் யாரும் மடிக்க மாட்டார்கள். கை அதுவாகச் செய்யும். இரண்டு முனைகளையும் பிடித்து ஒரே உதறு.

'டப்' என்றது. கம்ப்யூட்டரின் ஃபேன் சுழன்று சுழன்று நின்றது. திரை கறுத்தது.

குனிந்து பார்த்தேன். போர்டின் மேல் அரிசி நீளத்துக்கு ஒரு ஜரிகை, இரண்டு ஈயப் பொட்டுகளின் குறுக்கே படுத்திருந்தது. அதைச் சுற்றிச் சின்னக் கறுப்பு. நகத்தால் எடுத்துச் சேலையின் மடிப்புக்குள்ளேயே போட்டேன். பட்டனை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். சேலையைப் பைக்குள் வைத்தேன்.

அவன் வாசலில் செருப்பை விடும்போதே கேட்டான்.

"இன்னா, நிறுத்திட்டியா?"

"தானா நின்னுச்சிங்க."

அவன் முகம் மாறியது. மேசை மேல் குனிந்தான். "எதனா விழுந்துச்சா?"

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"நான் இன்னாத்தக் கண்டேன்? நீங்க கட்னதுதானே."

 அவன் தகட்டின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான். "தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல கேப்பு கம்மியா வெச்சிட்டேன் போல" என்றான். நான் தேடிக்கொண்டிருந்த தவறை அவனே செய்து கொடுத்தான்.

மூன்றரைக்கு மாணிக்கவேல் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவன் கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

"இன்னாம்மா, பாவு பிணைச்சி ரெண்டு நாளா தறிக்காரரு சும்மா குந்திகினு கீறாரு. ஆச்சா இல்லியா?"

"முடிச்சிட்டேங்க. எங்க வூட்டுக்காரரு பெட்டியப் பிரிச்சி இன்னாவோ பண்ணாரு. நின்னுப்போச்சி. டிசைனு உள்ள மாட்டிகிச்சி."

"பேஜாரா போச்சே. அவருக்கு எதுக்கும்மா அந்த வேல? இனிமே நான் போளூர் ஆள வெச்சிக்கறேன். அவரு ஜல்தியா முடிக்கறாரு."

ஹேமநாத் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினான்.

"அண்ணா, தப்பு என்னுது. அவ மேல ஒண்ணும் இல்ல. டிஸ்க்கு நல்லாதான் இருக்கும். விடியக் காலைல வேலூர் போயி கூட்டாளி மிஷின்ல போட்டு எடுத்தாந்துடறேன். ஒரே ஒரு நாளு."



"நாளைக்கி காலைல பத்து மணி. அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன்" என்றார் மாணிக்கவேல்.

போனைத் திருப்பித் தந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். சென்னையைப் பற்றி இன்னொரு பொய் சொல்லியிருந்தாலும் போதும். அவனை அளக்க எட்டு மாதங்களாக நான் வைத்திருந்த கோல் கையிலேயே இருந்தது. அந்த அறையில் அதை வைத்து அளக்க, இன்று நான் சொன்னதும் இருந்தது. நான் திரும்பி ஜன்னலில் இருந்த டம்ளர்களை எடுத்து அடுக்கினேன்.

"டிஸ்க்க காலைல பாத்துக்கலாம். ஆனா இன்னா போச்சின்னு தெரியாம வேற போர்டு மாட்டுனா, அதுவும் போயிடும்" என்றான். "டார்ச்சு புடிக்கறியா?"

டம்ளர்களை வைத்துவிட்டு வந்தேன். அவன் சட்டத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வியர்வை போர்டில் சொட்டாமலிருக்கத் துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். வேண்டாத எதுவும் இல்லாத அந்தச் சட்டத்தில் மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. எல்லாம் வெளியே தெரிந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு பொட்டாக, ஒவ்வொரு கோடாக, விரலால் தொடாமல் காற்றிலேயே காட்டிக்கொண்டு நகர்ந்தான். நான் வெளிச்சத்தை அவன் விரலுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தெருவில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். 

நடுவில் ஓரிடத்தில் அவன் விரல் நின்றது.

"இங்க. கொஞ்சம் கிட்ட புடி."

நான் வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அவன் கன்னம் என் மணிக்கட்டில் உரசியது. ஜரிகை கிடந்த அந்தக் கறுப்பின் மேல் எங்கள் இருவர் மூச்சும் பட்டுக்கொண்டிருந்தது.