பதினான்கு நாள் தகர வரிசை

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். மானாம்பதியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர், ஈராசிரியர் பள்ளி, பத்தொன்பது பிள்ளைகள், இது போதும். யார் எதைப் பதிவு செய்து எந்தக் குரூப்பில் போடுவார்கள் என்றே தெரியாத காலம். போன வருஷம் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு டீச்சர் வகுப்பில் கொட்டாவி விட்டதை எவனோ ஜன்னல் வழியாகப் படம் பிடித்துப் போட்டுவிட்டான். பாவம், அவளை எங்கேயோ தூக்கியடித்தார்கள்.

அதனால் ரப்பர் தேடி பிரபாவின் பையில் கைவிட்டபோது போன் அகப்பட்டதும் உடனே வெளியே எடுத்துப் பார்த்தேன். திரையில் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, எட்டு வயசு, என்னைப் பதிவு செய்கிறது!

"யாருடி குடுத்தா இத?"

"அம்மா."

"எதுக்கு?"

"தெரில டீச்சர். பெல் அடிச்சதும் செவப்ப அமுக்கி வெச்சிடுன்னு சொல்லிச்சி."

எனக்குப் புரிந்துவிட்டது. பிரபாவின் அம்மா ஞானசுந்தரி களை எடுக்கப் போவது புருஷோத்தமன் நிலத்தில். அந்த மனுஷர் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். உத்திரமேரூர் பக்கம் புதிதாக வந்திருக்கிற சிபிஎஸ்இ பள்ளிக்கு ஓடுகிற மூன்று வேனும் அவருடையதுதான். கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, "கவர்மென்ட் ஸ்கூல காப்பாத்தணும்" என்பார், மறுநாள் காலையில் நம் பிள்ளைகளையே வேனில் ஏற்றிக்கொண்டு போவார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜென்மம். இன்னும் நாலு பிள்ளை குறைந்தால் எங்கள் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். என் குரலும் வெளியே போனால் என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் தாமோதரன் சாரிடம் போனைக் காட்டி, இது புருஷோத்தமன் வேலைதான் என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு சத்தம் போடாம பைல வெச்சிடுங்க டீச்சர். நமக்கு எதுக்கு வம்பு?"

"அழிச்சா அந்த ஆளு மாட்டுவாரா சார்? அந்தம்மாவ வரவழைச்சு, யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேக்காம வுட மாட்டேன்."

பிரபாவை விட்டே அவள் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். அதுவரை என்னதான் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று சத்துணவு அரிசி வைக்கிற அறையில் போய் உட்கார்ந்தேன். போனுக்குப் பூட்டெல்லாம் இல்லை. பதினான்கு பதிவுகள் இருந்தன, பதினான்கு பள்ளி நாட்கள்.

முதலாவதைப் போட்டேன். என் குரல் கணீரென்று வந்தது. "நேத்து எங்க விட்டோம்?" பிள்ளைகள் கோரஸாக, "தகர வரிசை டீச்சர்!" த, தா, தி, தீ. நாலு நிமிஷம். அப்புறம் போன் மணி. "எழுதிக்கிட்டே இருங்க, பேசக் கூடாது." அதற்குப் பிறகு என் குரல் வேறு யாரிடமோதான் பேசிக்கொண்டிருந்தது. "ஓடிபி வரல சார். காலணி அளவு ஏத்தியாச்சு, போட்டோ ஏற மாட்டேங்குது." கடைசியில் சாப்பாட்டு மணி.

இரண்டாவதைப் போட்டேன். "நேத்து எங்க விட்டோம்?" "தகர வரிசை டீச்சர்!"

ஐந்தாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது. எல்லாவற்றிலும் த, தா, தி, தீ. ஒன்றில் மூன்று நிமிஷம், ஒன்றில் ஆறு. எனக்குக் காது மடல் சுட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்த நகர வரிசையையும் நடத்திவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கல்வித்துறை ஆப்பில் நடத்தியதாக டிக் போட்டிருக்கிறேனே! பத்தொன்பது பேருக்கும் 'வாசிப்பார்' என்று பச்சைக் குறி வாங்கி வைத்திருக்கிறேனே! சொல்லிக் கொடுத்ததற்கு அத்தாட்சி, அந்த அத்தாட்சிக்கு ஒரு போட்டோ, போட்டோவுக்கு ஒரு ஓடிபி. இதற்குள் சொல்லிக் கொடுக்க நேரம் எங்கே இருக்கிறது? நான் மட்டுமா? எல்லாரும் இப்படித்தான்.

இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன். என் மகன் காஞ்சிபுரத்தில் சிபிஎஸ்இயில் ஒன்பதாவது படிக்கிறான். அங்கே சுவர் முழுக்கத் திரை, தொட்டால் பூமிப்பந்து சுற்றுகிறது. அவனுக்கு பஸ் போர்டு வாசிக்க வராது, "அம்மா, இது எங்க போற பஸ்?" என்று என்னையே கேட்பான். ஊரார் பிள்ளைக்கு ஒரு சிலபஸ், என் பிள்ளைக்கு ஒரு சிலபஸ் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்க வரவில்லை. அதையும் புருஷோத்தமன் தலையில் கட்ட முடியுமா என்றுகூட யோசித்தேன். மடியில் கனம் இருந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

ஞானசுந்தரி சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்றாள். முப்பது வயசு இருக்கும். பிரபா அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

"உள்ள வாம்மா. இது உன் போனுதானே? யார் வெக்கச் சொன்னா? புருஷோத்தமனா?"

"ஐயே, அவரு இன்னாத்துக்கு டீச்சர்? அவரு வேன்ல ஏத்துன்னு தினிக்கும் பேஜார் பண்ணிக்கினு கீறாரு. எங்க டீச்சர் நல்லா சொல்லித் தராங்க, நான் மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப எதுக்கு இந்த வேல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு எயுத்து தெரியாது டீச்சர். நான் பள்ளிக்கூடமே போனதில்ல. இது வூட்டுல படிக்க சொல்ல சரியா, தப்பா, இன்னான்னு கேக்கத் தெரில. அதான், நீங்க பாடம் சொல்ற வரிக்கும் ராத்திரி சோறாக்க சொல்ல போட்டுக் கேட்டுக்கினே, அது புக்குல பாத்து நானும் எயுதிப் பாத்தேன். த வரிச பூரா எயுதுவேன் டீச்சர்."

சதி, வேன், குரூப் என்று நான் கட்டிய கோட்டையெல்லாம் சரிந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெரிய நிம்மதியும் வந்தது. இவளால் எனக்கு ஆபத்தில்லை, இவளுக்கு விஷயமே தெரியாது.

"தப்புன்னா மன்னிச்சிடுங்க டீச்சர்," என்றாள். "இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். இன்னா பொறும டீச்சர் உங்களுக்கு! அதே பாடத்த பதினாலு நாளா சலிக்காம சொல்லிக் கொடுத்துக்கினு கீறீங்க. வேற யாராவதா இருந்தா, போங்கடா மண்டுங்களான்னு வுட்டுட்டு பூடுவாங்க. எங்க புள்ளைங்க மண்டைலதான் ஏற மாட்டேங்குது."

அப்படியே பிரபாவைப் பிடித்து முன்னால் இழுத்து, அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். தோளுக்குக் கீழே மூன்று தழும்புகள். ஒன்று பழசு, இரண்டு இன்னும் சிவந்து இருந்தன.

"டீச்சர் தினிக்கும் தொண்ட கிழிய சொல்றாங்க, இன்னும் த தாண்டலியே நீ, உன்னாலதானே அவங்களால அடுத்தது போக முடிலன்னு கரண்டிக் காம்பால சாத்துனேன் டீச்சர். நீங்க கவலப்படாதீங்க, இன்னும் நாலு போட்டா வந்துடும். டீச்சர் கால்ல வுயுடி. இனிமே ஒயுங்கா படிக்கிறேன்னு சொல்லு."

பிரபா அழவில்லை. பழக்கப்பட்டவள் மாதிரி குனிந்து என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்ததில் அரிசி மூட்டை முதுகில் இடித்தது.

போன் என் கையில்தான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளே அழித்துவிடுவாள், அவளே எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு தாமோதரன் சார் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"அழிக்காத," என்றேன். "ஞானசுந்தரி, பிள்ளைங்களுக்கு ஏறாம இல்ல. அடுத்தத நான் சொல்லிக் கொடுக்கவே இல்ல. நாலு நிமிஷம் பழசையே சொல்லிட்டு மீதி நேரமெல்லாம் போனப் பாத்துக்கிட்டு இருந்தேன். இவமேல ஒரு தப்பும் இல்லம்மா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே, நான் குழந்தைக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்து, "இல்ல டீச்சர்," என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. பிரபாவின் கையை இன்னும் அப்படியே பிடித்திருந்தாள், கட்டைவிரல் அந்தச் சிவந்த தழும்பின் மேலேயே இருந்தது.

"அப்ப இத்த நான் எதுக்கு டீச்சர் அடிச்சேன்?" என்றாள்.